நூற்று நாற்பத்திரண்டு சொற்களும் ஒரு வரிசையும்

கல்யாணசுந்தரத்தால் உட்கார முடியாது. அவர் உட்கார்ந்தாலும் அவருடைய வலது கால் உட்காராது. புனே பக்கத்துச் சிஞ்ச்வட் ஸ்டேஷனில் லோக்கலுக்காகக் காத்திருக்கும்போது பிளாட்பாரத்தின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்குமாக நடப்பார்; வண்டி வந்து நிற்கும் நேரத்தில் எந்தப் பெட்டியும் எட்டாத வெறும் இடத்தில் இருப்பார். பதினான்கு வருடத்தில் சிஞ்ச்வட்டுக்குள்ளேயே நாலு ஃபிளாட் மாறியாயிற்று. ஒவ்வொன்றையும் விட்டுப்போக அவரிடம் நல்ல காரணம் இருந்தது. அடுத்ததற்குப் போகத்தான் காரணம் இருந்ததில்லை.

கோயம்புத்தூரில் பம்பு செய்யும் பட்டறையொன்றில் இருந்தவர், 1991-இல் சிஞ்ச்வட்டின் வண்டி உதிரிபாகத் தொழிற்சாலைக்கு இன்ஸ்பெக்டராக வந்தார். வார்ப்பிலிருந்து வரும் இரும்புத் துண்டுகளை அளந்து, கோணலானவற்றைத் தள்ளிவைப்பது வேலை. நாள் முழுக்க நின்றுகொண்டே செய்கிற வேலை என்பதால் பதினோரு வருடம் தாக்குப்பிடித்தார். தொழிற்சாலைக்குத்தான் தாக்குப்பிடிக்க முடியவில்லை. 2002-இல் அது எல்லோருக்கும் விருப்ப ஓய்வு கொடுத்தது. விருப்பம் யாருடையது என்று கடைசிவரை யாரும் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு கம்ப்யூட்டர் வகுப்பு, ஹவுசிங் சொசைட்டிப் பெண்களுக்கு ஸ்போக்கன் இங்கிலீஷ், ஆறு வார டெக்னிக்கல் ரைட்டிங் படிப்பு என்று ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவி, நாற்பத்தாறாவது வயதில், 2005 மே மாதம், ஹிஞ்சேவாடியில் ஒரு மென்பொருள் கம்பெனியில் ஆறு மாத ஒப்பந்தத்தில் சேர்ந்தார். ஒப்பந்தக்காரர்களுக்குக் கழுத்தில் மஞ்சள் பட்டை, நிரந்தரமானவர்களுக்கு நீலம். நீலப்பட்டைகள் ஏறி அமர்ந்த பிறகு இடம் மிஞ்சினால்தான் கம்பெனி வண்டியில் மஞ்சள்பட்டைக்கு இடம். இதையெல்லாம் அவர் பொருட்படுத்தவில்லை. அவர் பொருட்படுத்தியது ஒன்றைத்தான்: நீலப்பட்டைக்காரர்களின் மருத்துவக் காப்பீட்டில் மனைவியும் உண்டு.

மனைவி சாந்தகுமாரிக்கு இடது முழங்கால் தேய்ந்துவிட்டது. மாற்ற வேண்டும் என்று டாக்டர் சொல்லி ஒன்றரை வருடம் ஆகிறது. நடந்துகொண்டே இருக்கும் புருஷனுக்கு நடக்க முடியாத மனைவி. அவள் கட்டிலில் சாய்ந்தபடி, வீட்டுக்குள் குறுக்கும் நெடுக்கும் போகிறவரைப் பார்த்து, "எனக்குஞ் சேத்து நடக்கறீங்களாக்கும்" என்பாள்.

கம்பெனியில் அவருக்குக் கிடைத்த வேலை விசித்திரமானது. இங்கிலாந்துக்காரர்களுக்காக இணையத்தில் போக்கர் ஆட்டம் ஒன்றைத் தயாரித்துக்கொண்டிருந்தார்கள். அதன் உதவிப் பக்கத்தை எழுத வேண்டும். போக்கரில் புழங்கும் சொற்கள் நூற்று நாற்பத்திரண்டு, அகர வரிசையில், பொருளில்லாமல் வந்திருந்தன. புதிதாக ஆட வருகிறவனுக்கும் புரிகிறபடி ஒவ்வொன்றுக்கும் நாற்பது வார்த்தைக்குள் விளக்கம்.

கல்யாணசுந்தரம் வாழ்நாளில் போக்கர் ஆடியதில்லை. அதனால்தான் வேலை பிரமாதமாக அமைந்தது. எதுவும் தெரியாதவர் என்பதால் எல்லாவற்றையும் தேடினார். மூன்று இடத்தில் பார்க்காமல் ஒரு சொல்லையும் எழுதவில்லை. மேசை நடுவில் முதலில் ஒன்றாகத் திறக்கும் மூன்று சீட்டு ஃப்ளாப், நாலாவது டர்ன், ஐந்தாவது ரிவர் என்று தெளிவாக எழுதினார். கடைசிச் சீட்டுக்கு ஏன் ஆறு என்று பெயர் வைத்தார்கள் என்பது புரியாமல் இரண்டு நாள் காரிடாரில் நடந்தார். அவர் எழுதியதில் எல்லோருக்கும் பிடித்தவை இரண்டு. ஒன்று, ப்ளஃப்: கையில் ஒன்றுமில்லாதவன் எல்லாம் இருப்பவனைப் போலப் பந்தயத்தை உயர்த்துவது, மற்றவர்கள் நம்பிச் சீட்டைப் போட்டுவிட்டால், அவன் தன் கையைத் திறந்து காட்ட வேண்டியதில்லை. இன்னொன்று, டெல்: வாய் மறைப்பதை உடம்பு சொல்லிவிடுவது.

அலுவலகத்தில் எல்லோரும் இந்தச் சொற்களை எடுத்துக்கொண்டு அலைந்தார்கள். காண்டீனில் உப்புமா என்று தெரிந்தால் "நான் ஃபோல்ட்" என்று தட்டை வைத்துவிட்டுப் போனார்கள். குழுத் தலைவன் நிர்மல், சென்னைப் பையன், இருபத்தேழு வயது, தன் கல்யாணப் பேச்சையே இந்தச் சொற்களில்தான் சொன்னான்: "பொண்ணு வீட்ல ரெய்ஸ் பண்றாங்க சார். எங்கம்மா கால் பண்ணிட்டாங்க." ஃபோல்ட் என்றால் சீட்டைப் போட்டு விலகுவது, ரெய்ஸ் என்றால் பந்தயத்தை ஏற்றுவது, கால் என்றால் அதற்கு ஈடுகட்டுவது. கல்யாணசுந்தரத்துக்கு இந்தப் பேச்சு பிடிக்கவில்லை. அளவுகோலை முதுகு சொறியப் பயன்படுத்துகிறவர்களைத் தொழிற்சாலையிலும் அவருக்குப் பிடிக்காது.

சொற்கள் முடிந்த பிறகு கடைசியாக ஒரு சின்ன அட்டவணை பாக்கி இருந்தது. எந்தக் கை எந்தக் கையை ஜெயிக்கும் என்ற வரிசை. இதற்கு அவர் எங்கும் தேடவில்லை. சீட்டுக்கட்டு தெரியாத கோயம்புத்தூர்க்காரன் உண்டா? வீட்டில் ரம்மி. ரம்மியில் சீக்வென்ஸ்தான் உயிர். அது இல்லாவிட்டால் கையில் என்ன இருந்தும் குப்பை. புனேக்கு வந்தபின் ஒவ்வொரு தீபாவளிக்கும் சொசைட்டி மொட்டைமாடியில் தீன் பத்தி, மூன்று சீட்டு ஆட்டம். அதிலும் சீக்வென்ஸ் கலரை, அதாவது எல்லாம் ஒரே சின்னமாக வரும் கையை, ஜெயிக்கும். ஆகவே, வரிசையாக ஐந்து சீட்டு வந்தால் மேலே, ஒரே கலரில் ஐந்து வந்தால் அதற்குக் கீழே என்று அரை நிமிடத்தில் அடித்து முடித்துவிட்டு டீ குடிக்கப் போனார். தெரியாத நூற்று நாற்பத்திரண்டையும் சரியாக எழுதிய மனிதர், தெரிந்த ஒன்றைத் தப்பாக எழுதினார்.

பக்கத்தை ஐந்து பேர் சரிபார்த்துக் கையெழுத்திட வேண்டும் என்பது கம்பெனியின் விதி. ஐந்து பேரும் பார்த்தார்கள். ஐந்து பேரும் தீபாவளிக்குத் தீன் பத்தி ஆடி வளர்ந்தவர்களோ, ரம்மி ஆடி வளர்ந்தவர்களோதான். எல்லோரும் கையெழுத்திட்டார்கள்.

இதோடு நின்றிருந்தால் ஒரு பக்கத்தின் பிழை. ஆனால் சோதனை செய்கிற ராஜஸ்ரீ மிகவும் பொறுப்பான பெண். ஆட்டத்தை ஓடவிட்டுப் பார்த்தாள். கலர் சீக்வென்ஸை ஜெயித்தது. உதவிப் பக்கத்தில் தலைகீழாக இருந்தது. இங்கிலாந்திலிருந்து வந்த பழைய நிரலில் சரியாக இருந்ததை அவள் கோளாறு என்று பதிவு செய்தாள். நிர்மல் கால்மணி நேரத்தில் நிரலைத் திருத்தி, ஆட்டத்தையே பக்கத்துக்கு இணங்கவைத்தான். "டாகுமென்ட்ல என்ன இருக்கோ அதான் சார் வேதம்" என்று பெருமையாகச் சொன்னான். கல்யாணசுந்தரத்துக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

நவம்பர் மூன்றாவது வெள்ளிக்கிழமை எல்லாம் உறைந்தது. அதாவது, இனி நிரலில் ஒரு புள்ளியை மாற்றுவதானாலும் கோளாறு என்று பதிவு செய்து, அது யாரால் வந்தது என்று எழுத வேண்டும். திங்கட்கிழமை லண்டனிலிருந்து பென்னட் என்பவர் வந்து ஆடிப் பார்ப்பார். செவ்வாய் முதல் அங்கே நானூறு பேர் சோதனைக்கு ஆடுவார்கள். மேலாளர் ஸ்ரீலக்ஷ்மி கல்யாணசுந்தரத்தைக் கூப்பிட்டாள். அவரை நிரந்தரமாக்கும் கடிதம் மேசைமேல் இருந்தது.

"கல்யாண் சார், உங்க ரெக்கார்ட்ல ஒரு கோளாறுகூட இல்ல. திங்கக்கிழமை அஞ்சு மணிக்கு டைரக்டர் சைன் பண்ணிடுவார். அதுக்கப்புறம் நீங்க பர்மனெண்ட்."

ஞாயிற்றுக்கிழமை அவருக்கு இருப்புக்கொள்ளவில்லை. பால்கனிக்கும் சமையலறைக்கும் நடந்தார். சாந்தகுமாரி பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, "ஏனுங்க, தலை சுத்துது. இப்படி வந்து உக்காந்து அந்தப் போக்கரை எனக்குஞ் சொல்லிக் குடுங்க" என்றாள்.

கட்டிலின்மேல் துண்டை விரித்து ஆடினார்கள். ஆளுக்கு இரண்டு சீட்டு, நடுவில் ஐந்து; அந்த ஏழில் சிறந்த ஐந்துதான் கை. எதையும் பாதியில் போடுவதில்லை, கடைசிவரை திறந்து பார்ப்பது என்று அவள் விதி போட்டாள். மத்தியானம் முழுவதும் ஆடினார்கள். ரம்மியில் எதிராளி எடுத்ததும் கழித்ததும் எல்லாம் நினைவில் வைத்திருக்கிறவள் அவள்.

"என்னுங்க, ஒண்ணு கேக்கோணும்."

"கேளு."

"சீக்வென்ஸு அஞ்சு வாட்டி வந்துபோச்சு. கலர் ஒருவாட்டிதான் வந்துது. அத வெச்சும் நீங்க தோத்தீங்க. அபூர்வமா வர்றதுக்குத்தானுங்க மதிப்பு சாஸ்தி இருக்கோணும்? அடிக்கடி வர்றது எப்படி மேல போச்சு?"

"மூணு சீட்டுலயும் அப்படித்தானே சாந்தா? சீக்வென்ஸுதான் மேல."

"அது மூணு சீட்டுங்க. இது அஞ்சு."

அவர் சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றது. செருப்பை மாட்டிக்கொண்டு தெருமுனையிலிருந்த சைபர் கஃபேக்கு ஓடினார். மூன்று இடத்தில் பார்த்தார். நாலாவதாகவும் ஒன்றைப் பார்த்தார். உலகம் முழுவதும் ஒரே குரலில் சாந்தகுமாரி சொன்னதையே சொன்னது.

திரும்பி வந்தவர் நின்றபடியே விஷயத்தைச் சொன்னார். நாளைக்குச் சொன்னால் கோளாறு பதிவாகும்; காரணம் என்ற இடத்தில் தன் பெயர் வரும்; கடிதம் போய்விடும். கடிதம் போனால் காப்பீடு போகும். சொல்லாவிட்டால் செவ்வாய்க்கிழமை நானூறு இங்கிலாந்துக்காரர்கள் பத்து நிமிடத்தில் கண்டுபிடிப்பார்கள். கம்பெனி பெயர் நாறும்.

சாந்தகுமாரி முழங்காலைத் தடவிக்கொண்டே கேட்டாள். "தப்புன்னு தெரிஞ்சதுக்கப்பறம் எப்படீங்க சும்மா இருக்கறது? சொல்லித்தான் ஆகோணும்" என்றாள். பிறகு சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

திங்கட்கிழமை கம்பெனி வண்டி வாகட் பாலத்து நெரிசலில் நாற்பது நிமிடம் நின்றது. அந்த நாற்பது நிமிடத்தில் சொல்வது என்று மூன்று தடவையும், சொல்வதில்லை என்று நாலு தடவையும் முடிவெடுத்தார். இறங்கும்போது சொல்வதில்லை என்பது ஓடிக்கொண்டிருந்ததால், சொல்லவில்லை.

மூன்று மணிக்குக் கான்ஃபரன்ஸ் அறையில் ஐந்து கம்ப்யூட்டர்கள். பென்னட், ஸ்ரீலக்ஷ்மி, நிர்மல், ராஜஸ்ரீ, சொற்களை எழுதியவர் என்ற மரியாதையில் கல்யாணசுந்தரம். புள்ளிக்குத்தான் ஆட்டம். பென்னட் ஐம்பது வயதுக்காரர், அமைதியானவர், முப்பது வருடமாக ஆடுகிறவர்.

கல்யாணசுந்தரம் கணக்குப் போட்டிருந்தார். ஒருவரிடம் கலரும் இன்னொருவரிடம் சீக்வென்ஸும் ஒரே ஆட்டத்தில் வந்து, இரண்டையும் திறந்து காட்டினால்தான் குட்டு வெளிப்படும். அதற்கு மேசை நடுவில் ஒரே கலரில் மூன்று சீட்டாவது விழ வேண்டும். அப்படி விழுந்தால், திறந்து காட்டும் கட்டத்துக்கே ஆட்டத்தைப் போகவிடக்கூடாது. அதற்கு ஒரே வழி, கையில் என்ன இருந்தாலும் பந்தயத்தை ஏற்றி எல்லோரையும் பயமுறுத்தித் துரத்துவது.

அப்படித்தான் செய்தார். முதல்முறை மூன்று கிளாவர் விழுந்ததும் இரட்டிப்பாக ஏற்றினார். எல்லோரும் சீட்டைப் போட்டார்கள். இரண்டாம் முறை மூன்று ஸ்பேடு, மும்மடங்கு. "சார், நீங்க இவ்வளவு பெரிய கேடியா?" என்று நிர்மல் வாய்விட்டான். பென்னட் கல்யாணசுந்தரத்தையே கவனிக்க ஆரம்பித்தார்.

மூன்றாம் முறை நடுவில் எட்டு, ஒன்பது, ராணி விழுந்தன, மூன்றும் ஹார்ட். பிறகு கிளாவர் ஜாக்கி. கடைசியில் டைமன் மூன்று. கல்யாணசுந்தரத்திடம் ஸ்பேடு இரண்டும் கிளாவர் ஏழும் இருந்தன; அதாவது ஒன்றும் இல்லை. தன்னிடமிருந்த புள்ளி அத்தனையையும் நடுவில் தள்ளினார். ஸ்ரீலக்ஷ்மி ஃபோனில் பேசியபடியே விலகினாள். மற்ற இருவரும் விலகினார்கள். பென்னட் விலகவில்லை.

அன்று மத்தியானம் முழுவதும் மேசையிலிருந்த தம்ளர்களில் தண்ணீர் லேசாக அதிர்ந்துகொண்டிருந்தது. கல்யாணசுந்தரத்தின் வலது காலால். இப்போது தண்ணீர் அசையவில்லை. பென்னட் தம்ளரைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். கடிகாரத்தில் மணி நாலு ஏழு.

"இத்தனை நேரம் உங்கள் கால் ஆடிக்கொண்டே இருந்தது. மூன்று தடவைதான் நின்றது. மூன்று தடவையும் நீங்கள் ஏற்றினீர்கள்" என்றார் பென்னட் ஆங்கிலத்தில். "உங்களிடம் கலர் இருக்கிறது." சிரித்துக்கொண்டே தன் கையைத் திறந்து காட்டிவிட்டு விலகினார். அதில் பத்து இருந்தது. எட்டு, ஒன்பது, பத்து, ஜாக்கி, ராணி. சீக்வென்ஸ்.

ராஜஸ்ரீயின் நெற்றி சுருங்கியது. இந்தியில் நிர்மலிடம் கிசுகிசுத்தாள்: சீக்வென்ஸை வைத்துக்கொண்டு இவர் எதற்குப் பயந்தார்? எதிரில் கலரே இருந்தாலும் இவர்தானே ஜெயித்திருப்பார்?

"சுப் பைட் யார், பேசாம இரு," என்றான் நிர்மல். "கெஸ்ட். எப்படி வேணா ஆடட்டும்."

அவ்வளவுதான். ராஜஸ்ரீ வாயை மூடிக்கொண்டாள். ஸ்ரீலக்ஷ்மி ஃபோனை வைத்தாள். பென்னட் இந்தி அறியாதவர். எழுந்து வந்து கை நீட்டினார். "டெல் என்பதற்கு நீங்கள் எழுதிய விளக்கத்தைப் போல நான் எங்கும் படித்ததில்லை. ஆட்டமும் அருமை, பக்கமும் அருமை. நாளைக்குத் திறந்துவிடலாம்."

ஜெயித்தாயிற்று. இன்னும் ஐம்பது நிமிடம் சும்மா உட்கார்ந்திருந்தால் போதும். கல்யாணசுந்தரத்துக்கு வராத காரியம் அது ஒன்றுதான். அவர் பிறகு செய்ததை நேர்மை என்று சொன்னவர்கள் உண்டு. அது பெரிய வார்த்தை. அவரால் அந்த நாற்காலியில் உட்கார முடியவில்லை என்பதுதான் விஷயம். எழுந்தார், சுவர்வரை போனார், திரும்பினார்.

"சார், என்னிடம் கலர் இல்லை. ஒன்றும் இல்லை. பக்கம் தப்பு. கலரும் சீக்வென்ஸும் இடம் மாறியிருக்கின்றன. நான்தான் மாற்றி எழுதினேன். அதைப் பார்த்து ஆட்டத்தையும் மாற்றிவிட்டார்கள்."

நிர்மல் தலையில் கைவைத்தான். "அய்யோ சார்…" ராஜஸ்ரீ, "அரே தேவா, நான்தானே கோளாறுன்னு பக் போட்டேன்?" என்றாள். பென்னட் ஐந்து கையெழுத்துகளையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். ஐந்து பேரும் ஒரே தப்பை எப்படிச் செய்தார்கள் என்று கேட்டார். ஸ்ரீலக்ஷ்மி தீன் பத்தியை விளக்கினாள். அவர் வெகுநேரம் கேட்டுவிட்டு, "திருத்த எவ்வளவு நேரம்?" என்றார்.

"அரை மணி" என்றான் நிர்மல்.

"அப்படியானால் நாளை திறப்பதில் மாற்றமில்லை."

கோளாறு பதிவாயிற்று. காரணம்: ஆவணப் பிழை. பொறுப்பு: கல்யாணசுந்தரம். கையெழுத்திட்ட ஐவரின் பெயர் எந்த இடத்திலும் வரவில்லை. படிவத்தில் அதற்கு இடமில்லை. ஸ்ரீலக்ஷ்மி நல்லவள். அவள் கதவைச் சாத்திக்கொண்டு, "சார், கான்ட்ராக்டை மார்ச் வரைக்கும் நீட்டிடறேன். அதுக்கப்புறம் பார்க்கலாம். இன்னிக்கு லெட்டர் மட்டும்…" என்று நிறுத்தினாள். அவர் தலையாட்டினார்.

வீட்டுக்குப் போய்ச் சேரும்போது ஏழு. சாந்தகுமாரி கட்டிலில் கால் நீட்டி வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். அவர் முகத்தைப் பார்த்ததும் கத்தியைக் கீழே வைத்தாள்.

"சொல்லிப்போட்டீங்களா?"

"சொல்லிட்டேன். நீதானே சொல்லித்தான் ஆகோணும்னே."

"கடிதாசி?"

"இல்லை. மார்ச்சுல பாக்கலாம்னாங்க."

"எத்தனை மணிக்குங்க சொன்னீங்க?"

"நாலே கால் இருக்கும்."

"திருத்தறதுக்கு எத்தனை நேரமாச்சு?"

"அரைமணி."

"கடிதாசி எத்தனை மணிக்குக் குடுக்கறதா இருந்துச்சு?"

"அஞ்சு."

"அஞ்சேகாலுக்குச் சொல்லியிருந்தா?"

ஞாயிற்றுக்கிழமை மாலை தொட்டு இந்த நிமிடம் வரை சொல்வது, சொல்லாமலிருப்பது என்ற இரண்டுக்கு நடுவிலேயே நடந்தவர் கல்யாணசுந்தரம். கையெழுத்தான பிறகு சொல்வது என்று ஒரு வழி இருந்தது அவருக்கு எட்டவே இல்லை. நாளை காலை ஆட்டம் சரியாகத் திறந்திருக்கும். நானூறு பேரும் ஒழுங்காக ஆடியிருப்பார்கள். முழங்காலும் மாறியிருக்கும்.

"அது… அது யோக்கியமாங்கற கேள்வி இருக்கே சாந்தா" என்றார், அப்போதுதான் நினைத்துக்கொண்டவராக.

"அட போங்க. யோக்கியமெல்லாம் அம்பது நிமிஷத்துல கெட்டுப்போயிராதுங்க. நான் சொல்லோணும்னுதான் சொன்னேன். ஓடிப்போயிச் சொல்லச் சொன்னனா?"

சொன்னவளின் குரல் உடைந்தது. வெங்காயத்தைக் காரணம் சொல்ல முடியாது. அதை உரிப்பதை நிறுத்தி நேரமாகியிருந்தது. அவர் ஒரு அடி எடுத்து வைத்தார், பால்கனிப் பக்கமாக. அவள் கையை நீட்டி அவருடைய சட்டையைப் பிடித்தாள்.

"எங்கியும் போவேண்டாம். இப்படி உக்காருங்க" என்றாள். "மார்ச்சுக்கு என்ன பண்றதுன்னு பேசுவோம்."

அவர் உட்கார்ந்தார்.